‘கஷ்டம் இல்லை’ என்ற கட்டம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் ட்ரெயினிங் ரூமில் அப்போது இருந்தவர்கள் மொத்தம் பத்து பேர். எங்கள் லைனில் நிற்கும் பெண்கள் ஏழு பேர்: நான், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த படப்பைக்காரி, ஒரே வீட்டு அக்காவும் தங்கையும், கணவனை இழந்த ஒரு அம்மா, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு புதுப் பெண், அப்புறம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண். இவர்கள் போக, பிசியோதெரபி காலேஜிலிருந்து வந்த மாணவிகள் இரண்டு பேர். கதவோரம் எங்கள் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். மூலையில் ஒரு கேமரா. அதையும் சேர்த்துப் பதினொன்று என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படி.

யார் பெயரையும் எழுதப் போவதில்லை. என் பெயரும் வேண்டாம். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயம் ஜாஸ்தி. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சேரப்பணஞ்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி ஓடி, அரை நாள் சம்பளத்தை விட்டவள். மூடித்தான் இருந்தது. இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் புரியாது. காருக்குள் ஓடும் வயர் எல்லாம் மரக்கிளை மாதிரி ஒரே கட்டாக இருக்கும். அந்தக் கட்டை நாங்கள் செய்கிறோம். ஆள் உயரப் போர்டு ஒன்று நகர்ந்து வரும். அதில் வயரைப் பரப்பி, டேப் சுற்றி, வயர் முனையைப் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் நுழைத்து, ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்கும் வரை கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஒரு போர்டுக்கு எத்தனை க்ளிக், ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை போர்டு என்று நான் ஒரு நாளும் பெருக்கிப் பார்த்ததில்லை. பெருக்கினால் அடுத்த நாள் போக மனசு வராது.

லைன் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மாதிரிக் கட்டு தொங்கும். அதைப் பார்த்து, அதே மாதிரி செய்ய வேண்டும். மூன்று சுற்றுச் சுற்ற வேண்டிய இடத்தில் நாலு சுற்றுச் சுற்றினாலும் ரிஜெக்ட்தான். சேர்ந்த முதல் நாளிலிருந்து எங்கள் தலையில் ஏற்றியது இது ஒன்றுதான். மாதிரியிலிருந்து மாறினால் தப்பு. லைனில் நான் சீனியர் என்பதால் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மாதிரியைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான்.

அன்றைக்கு அந்த மாணவிகள் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். தமிழில்தான் இருந்தது. கை மரத்துப் போகிறதா, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா என்று மேலே சில கேள்விகள். அதற்குக் கீழே அன்றாட வேலைகள். தலை பின்னுவது, மாவு பிசைவது, தண்ணீர் கேன் தூக்குவது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பது, போனைப் பிடித்துப் பேசுவது, சட்டைப் பொத்தான் போடுவது, எழுதுவது. அதற்கும் கீழே சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போவது, பிடித்ததைச் செய்வது என்று என்னென்னவோ. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம். முதல் கட்டம் ‘கஷ்டம் இல்லை’. கடைசிக் கட்டம் ‘செய்யவே முடியவில்லை’. எது பொருந்துகிறதோ அதில் டிக் போட வேண்டும்.

படப்பைக்காரி எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பாள். “சட்டைப் பொத்தான் போட கஷ்டமா கீதான்னு கேட்டுக்கினு கீறாங்க பாரு. நான் இன்னா கலெக்டரா? நைட்டிக்கு ஏதுடி பொத்தான்?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாணவிகளும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர் எழுத வேண்டாம், டோக்கன் நம்பர் மட்டும் போதும் என்று ஒரு மாணவி சொன்னாள். டோக்கன் நம்பர் தெரிந்தால் பெயர் தெரியாதா? அதற்கு முந்தின வருஷம் இப்படித்தான் கண் டெஸ்ட் வைத்தார்கள். சரியாகத் தெரியவில்லை என்று சொன்ன இரண்டு பேருக்கு அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. கண்ணுக்காக எடுத்தார்களா, ஆர்டர் குறைந்து எடுத்தார்களா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குள் அது கண்ணுக்காகத்தான் என்று உட்கார்ந்துவிட்டது. எங்களுக்குக் கான்ட்ராக்ட் முடிய இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது.

மாணவிகள் சூப்பர்வைசரிடம் ஏதோ கேட்கப் போன நேரம், நான் தாளில் முதல் கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை மளமளவென்று டிக் போட்டு, அதை மேஜை நடுவில் வைத்து, “இதப் பாத்துப் போடுங்க. வேற எதுவும் வேணாம். கை வலிக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டு வூட்ல போய் குந்தணுமா?” என்றேன்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாதிரிக் கட்டைப் பார்த்துச் செய்கிற மாதிரியே என் தாளைப் பார்த்துப் போட்டார்கள். புதுப் பெண் ஒரு வரி தவறவிட்டுவிட்டு, திரும்ப எண்ணிப் பார்த்துச் சரிசெய்தாள்.

சங்கரன்கோவில் பெண் மட்டும் போடவில்லை. அவளுக்கு அப்போது இருபத்திமூன்று வயது. பன்னிரண்டாவது பாஸ். லைனில் எனக்குப் பக்கத்து இடம். ராத்திரி கை மரத்து விழிப்பு வருகிறது, உதறினால்தான் தூக்கம் என்று எப்போதோ ஒரு முறை என்னிடம் சொல்லியிருந்தாள். தைலம் தடவு என்று சொல்லிவிட்டு நான் மறந்துபோனேன். எனக்கும்தான் மரத்துப்போகும். எல்லோருக்கும்தான் மரத்துப்போகும். அதை ஒரு வியாதி என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை.

அவள் பேனாவைப் பிடித்தாள். இரண்டாவது வரி போவதற்குள் பேனா விரலிலிருந்து வழுக்கியது. மறுபடி எடுத்தாள்.

“யக்கா, எனக்கு நெசமாவே முடியல. போட்டுட்டா டாக்டர்ட்ட அனுப்புவாங்கன்னு அந்தக் காலேஜ் புள்ள சொல்லுது. நான் உள்ளதப் போட்டுருதேனே” என்றாள்.

மாணவிகள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஆறு தாள் ஒரு மாதிரியும் ஒரு தாள் வேறு மாதிரியும் இருந்தால் மீதி ஆறும் பொய் என்று தெரிந்துவிடாதா? அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். அவள் தாளை என் பக்கம் இழுத்தேன். வரிசையாக முதல் கட்டத்தில் டிக் போட்டேன். எழுதுவது என்று ஒரு வரி இருந்ததே, பேனாவைப் பிடிக்க முடியாத அந்தப் பெண்ணின் தாளில் அந்த வரிக்கு நேரேயும், ‘கஷ்டம் இல்லை’ என்று என் கையால் டிக் போட்டேன்.

ஒரு மாணவி பார்த்துவிட்டாள். ஏன் நீங்கள் போடுகிறீர்கள் என்று கேட்டாள். இந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது, நான் வாசித்துக் கேட்டுப் போடுகிறேன் என்று சொன்னேன். எட்டாவது படித்த நான், பன்னிரண்டாவது படித்தவளைப் படிக்கத் தெரியாதவள் என்று சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், மறுக்கவில்லை. எல்லாத் தாளும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று இன்னொரு மாணவி ஆச்சரியப்பட்டபோது, ஒரே வேலைதானே செய்கிறோம், ஒரே மாதிரிதானே இருக்கும் என்றேன். சூப்பர்வைசர் அதற்குச் சிரித்து, எங்கள் லைன் நல்ல லைன் என்றார். எனக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஏழு பேரைக் காப்பாற்றிவிட்டேன் என்று பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து பக்கத்து லைனில் ஒரு மாற்றம் வந்தது. அந்தப் பெண்கள் தாளில் உள்ளதை உள்ளபடி போட்டிருக்கிறார்கள். கை ரொம்ப மோசம் என்று காட்டிய மூன்று பேரைக் கம்பெனி வண்டியிலேயே நரம்பு டெஸ்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம் டேப், இரண்டு மணி நேரம் செக்கிங் என்று இடம் மாற்றிக் கொடுத்தார்கள். யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை. எங்களுக்கும் மாற்றிக் கொடுங்கள் என்று படப்பைக்காரி போய்க் கேட்டதற்கு, உங்கள் லைனில்தான் ஒருத்தருக்கும் ஒரு பிரச்சனையும் இல்லையே என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். நான்தான் பயத்தில் அப்படிப் போடச் சொன்னேன், திரும்ப ஒரு தாள் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். பொய் எழுதியதற்கு என்ன செய்வார்களோ என்று அடுத்த பயம் வந்துவிட்டது. ஒரு பயத்துக்கு வழி விட்டால் அது தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

தை மாதம், பொங்கல் லீவு முடிந்து ஒரு வாரம் இருக்கும். வெளியே போன சரக்கில் ஒரு கட்டு திரும்பி வந்தது. ஒரு கனெக்டர் முழுசாக உட்காரவில்லை, பாதியில் நின்றிருந்தது. யார் செய்தது என்று, ஆளுக்கொன்றாக நாங்கள் கட்டில் குத்தும் ஸ்டாம்ப்பைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். சங்கரன்கோவில் பெண்ணின் ஸ்டாம்ப். அவளை ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். சீனியர் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

கட்டைவிரலில் அழுத்தம் கொடுக்க முடியவில்லை, பல மாதமாக இப்படித்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். ஹெச்.ஆர். அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். அதற்குள் அந்தத் தாளின் ஜெராக்ஸ் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் எல்லாம் ‘கஷ்டம் இல்லை’ என்று போட்டிருக்கிறாயே, இப்போது எப்படி வந்தது, வீட்டில் போனை நோண்டி வந்ததா என்று கேட்டார்.

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இந்த அக்கா போட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு தெரிந்தது. அதிகாரி என்னிடம் நிதானமாகத்தான் பேசினார். வேலையால் வந்தது என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னால், லேசான வேலைக்கு மாற்றலாம், வைத்தியத்துக்கு எழுதலாம், கான்ட்ராக்ட்டும் நீட்டிக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்றார். பிறகு கேட்டார்.

“நீங்க பக்கத்து இடத்துல நிக்கிறீங்க. கை முடியலன்னு இதுக்கு முன்னாடி எப்பவாவது உங்ககிட்ட சொல்லியிருக்காளா?”

அந்த ஜெராக்ஸ் என் முன்னால் கிடந்தது. அதிலிருந்த டிக் எல்லாம் என் கை டிக். என் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அதை மறைத்துக்கொண்டு உட்கார வேண்டும் போல இருந்தது. அந்த மாதத்தோடு எனக்கும் கான்ட்ராக்ட் முடிகிறது. மூத்தவனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். இதெல்லாம் காரணம் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் இதெல்லாம்தான் தலைக்குள் ஓடியது.

“எனக்கு எதுவும் தெரியாது சார்” என்றேன்.

வெளியே வந்தேன். அவள் ஓடி வந்து, “என்ன கேட்டாங்க? என்னக்கா சொன்னிய?” என்றாள்.

“உனக்காகத்தான் பேசினேன். பாப்போம்” என்றேன்.

அவள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடது கை இறுக்கிப் பிடித்தது. வலது கை சும்மா மேலே வைத்த மாதிரி இருந்தது.

மாதக் கடைசியில் என் கான்ட்ராக்ட்டைப் புதுப்பித்தார்கள். அவளுடையதைப் புதுப்பிக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அவள் வடக்குப்பட்டில் ஒரு மாடி அறையில் நாலு பெண்களோடு தங்கியிருந்தாள். போய்ப் பார்த்தேன். உடனே அந்த நரம்பு டெஸ்ட்டை எடுத்தாக வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். அவளிடம் பணம் இல்லை. சீட்டு எடுத்து வைத்திருந்ததில் மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன். கடனாகத்தான் வாங்குவேன் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சென்டருக்குக் கூட்டிப்போனேன்.

டெஸ்ட்டுக்கு முன்னால் அங்கே ஒரு மேடம் கேள்வி கேட்டார். கிட்டத்தட்ட அதே கேள்விகள். அதே ஐந்து கட்டம். இந்த முறை தாளை எங்கள் கையில் கொடுக்கவில்லை, அவரே கேட்டு அவரே குறித்தார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

தலை பின்ன எப்படி இருக்கிறது என்று கேட்டார். கஷ்டம் இல்லை என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போட்ட டிக்கையே இவளும் சொல்கிறாளே, பழகிவிட்டதா என்று நினைத்தேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கடைசியாக எப்போது பின்னினாய் என்று கேட்டார்.

“கார்த்திகைக்கு முன்ன. இப்ப ரூம்ல உள்ள புள்ளைக பின்னி விடுதாங்க” என்றாள்.

“செய்யாமலே விட்டுட்டதைக் கஷ்டம் இல்லன்னு சொல்லக் கூடாதும்மா. இருக்கறதிலேயே பெரிய கஷ்டம் அதுதான்” என்றார் மேடம். அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை கஷ்டமா என்று கேட்கவில்லை. கடைசியாக எப்போது செய்தாய், இப்போது யார் செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் வந்தது எல்லாம். தண்ணீர் கேன் அவள் தூக்குவதில்லை, அதற்குப் பதிலாக அறையை அவள்தான் தினமும் பெருக்குகிறாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதில்லை, சீட்டின் பக்கவாட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்று வருகிறாள். சோறு இடது கையால், ஸ்பூனில். ரசம் ஊற்றிக்கொள்வதில்லை, கிண்ணம் நழுவுகிறது என்று. சுடிதார் டாப்ஸில் முதுகு ஜிப் இருந்ததை எல்லாம் தங்கைக்கு அனுப்பிவிட்டாள். இத்தனையையும் ஒன்றும் இல்லாத விஷயம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

போன் பிடித்துப் பேசுவது என்று வந்தபோதுதான் குரல் உடைந்தது. இரண்டு நிமிஷம் போனைக் காதில் வைத்தால் கை செத்துப்போகிறது. ஸ்பீக்கரில் போட்டால் அறையில் இருக்கும் நாலு பேரும் கேட்பார்கள். அதனால் அம்மாவிடம் பேசுவதையே குறைத்துவிட்டாள். பெட்டி தூக்க முடியாது என்று பொங்கலுக்கும் ஊருக்குப் போகவில்லை. கையைப் பற்றிச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வா என்பார்கள் என்று அதையும் சொல்லவில்லை.

“இங்கன யாரையோ புடிச்சிக்கிட்டேன்னு எங்கம்மா நெனச்சிக்கிட்டு இருக்காங்க மேடம். எங்கூடப் பேசியே ரெண்டு மாசம் ஆச்சி” என்றாள்.

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் எல்லோருக்கும் மேடாகச் சதை இருக்கும், இல்லையா? அவளுக்கு அந்த இடம் பள்ளமாக இருந்தது. இன்னொரு கையோடு சேர்த்து வைத்துக் காட்டினார். அந்த இரண்டு கையும் ஒருத்தியுடையது என்று சொன்னால் நம்ப முடியாது. அத்தனை மாதம் தினமும் எட்டு மணி நேரம் அந்தக் கைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

டெஸ்ட்டில் சின்னச் சின்ன ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கிடக்கிறது, கார்ப்பல் டனல் என்று பெயர், ரொம்ப முற்றிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தால் மரப்பு போகும், வலி போகும், வற்றிய சதை திரும்புமா என்று சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். எத்தனை மாதம் முன்னாடி என்று நான் கேட்டேன். ஆறு ஏழு மாதம் முன்னால் வந்திருந்தால்கூட இந்த அளவுக்கு விட்டிருக்க மாட்டோம் என்றார். நான் விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது.

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். அவள் தம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். அந்தத் தாளில் போட்டது என் தப்பு என்று நான் ஆரம்பித்தேன். “விடுங்கக்கா, நீங்க என்ன வேணும்னா போட்டிய? எல்லாருக்கும் சேத்துத்தான பயந்திய. பொறவு எனக்காக ஹெச்.ஆர்.ட்ட பேசவும் செஞ்சிய” என்றாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. டீ ஆறுகிறது, குடி என்றேன்.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஹெச்.ஆர். ரூம் வாசலுக்கு இரண்டு நாள் போனேன். முதல் நாள் அதிகாரி போனில் இருந்தார். இரண்டாம் நாள் ரூமில் சும்மாதான் இருந்தார், யாரும் இல்லை. கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். உள்ளே போனால் முதலில் என்ன கேட்பார், அன்றைக்கு ஏன் தெரியாது என்று சொன்னாய் என்பார், அதற்கு என்ன பதில் சொல்வேன் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். டீ பிரேக் முடிந்த பெல் அடித்தது. லைனுக்குப் போய்விட்டேன். ரிப்போர்ட்டை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, மறுநாள் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். சார் லீவு என்று சொன்னேன். இதோடு எத்தனை பொய் என்று பாருங்கள்.

சித்திரையில் அவள் ஊர்ப் பக்கமே பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. அம்மா கூடவே இருந்தார்களாம். அந்த ஒன்றுதான் இந்தக் கதையில் நல்லது. மரப்பு போய்விட்டது, தூக்கம் வருகிறது என்கிறாள். கட்டைவிரலுக்குப் பலம் வரவில்லை. இப்போது ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்கிறாள். தாளை இடது கையால் வைக்கிறாளாம், பட்டனையும் இடது கையால்தான் அமுக்குகிறாளாம். சம்பளம் இங்கே வாங்கியதில் பாதிகூட இல்லை.

போன வருஷம் ஆவணியில் அதே காலேஜிலிருந்து வேறு மாணவிகள் வந்தார்கள். அதே தாள். இந்த முறை நான் என் தாளை யாருக்கும் காட்டவில்லை. மாவு பிசைவது என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. எங்கள் வீட்டில் சப்பாத்தி சுட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்று நானே சொல்லி, நானே அதை நம்பியும் வைத்திருந்தேன். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன். அவரவர் உள்ளதைப் போடுங்கள், ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்காதீர்கள் என்று மற்றவர்களுக்கும் சொன்னேன். படப்பைக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “இப்ப சொல்றியா?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

என்னை டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ஆரம்பக் கட்டம் என்றார்கள். மணிக்கட்டுக்குப் பட்டை கொடுத்தார்கள், செக்கிங்குக்கு மாற்றினார்கள். கான்ட்ராக்ட் போகவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது எனக்கு நடக்கவே இல்லை. என் பயத்துக்கு உண்டான தண்டனை முழுவதையும் அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். போன வருஷம் ஆடியிலிருந்து மாதா மாதம் ஐந்தாம் தேதி என் போனுக்கு இருநூறு ரூபாய் அனுப்புகிறாள். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கடன் கடன்தான் அக்கா, நீங்கள் மட்டும் அன்றைக்குக் கூட்டிப்போகவில்லை என்றால் என்ன ஆகியிருப்பேன் என்கிறாள். பணம் வந்தது என்று போன் ஒலிக்கிற ஒவ்வொரு தடவையும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், அந்த ரூமுக்குள் நான் உனக்காகப் பேசவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று அவள் நம்பரை எடுப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அவளிடம் சொல்ல முடியாததைத்தான் முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். பயந்தவர்களைப் பாவம் என்று சொல்லி எல்லோரும் மன்னித்துவிடுகிறார்கள், ஆனால் ஒருத்தியின் பயம் இன்னொருத்தியின் கையைத் தின்னும் என்று எனக்கு இப்போது தெரியும். இதுவரை பன்னிரண்டு மாதம் அனுப்பிவிட்டாள். அவள் கணக்கில், எனக்குத் தர வேண்டிய பாக்கி இன்னும் அறுநூறு ரூபாய்.